தடிமன் எங்கே போகிறது? மெலிந்த திறன்பேசியும் அதன் சிங்கப்பூர்ப் பதிப்பும்

அன்றாடப் பொருள்களின் வடிவம் எதனால் மாறுகிறது என்ற கேள்விக்கு ஹென்றி பெட்ரோஸ்கி 1992-இல் ஒரு விடை தந்தார். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்பித்த அவர், முள்கரண்டி, காகிதங்களைக் கோக்கும் கிளிப், ஜிப் ஆகியவற்றின் வரலாற்றைத் துருவி, ஒவ்வொரு வடிவமும் தனக்கு முந்தையதன் குறையிலிருந்து பிறந்தது என்று வாதிட்டார். 'தி எவல்யூஷன் ஆஃப் யூஸ்ஃபுல் திங்ஸ்' என்னும் அந்த நூலின்படி, பயன்படுத்துபவரின் எரிச்சலே வடிவத்தைச் செதுக்குகிறது. திறன்பேசி மெலிந்த கதையையும் இந்த அச்சில் எளிதாக வார்த்துவிடலாம்: முதலில் கைக்குக் கனத்தது, பிறகு பைக்குள் புடைத்தது, ஆகவே ஆண்டுக்கு ஆண்டு இளைத்தது. இக்கட்டுரை அந்த வாசிப்பை மறுக்கிறது; முழுவதையும் அல்ல, ஏறத்தாழ 2014-க்குப் பிந்தைய பகுதியை மட்டும்.

பெட்ரோஸ்கியை எளிதில் வீழ்த்திவிட முடியாது. ஒரு குறையைத் தீர்க்கும் வடிவம் தன்னோடு வேறொரு குறையைக் கொண்டுவரும் என்பதை அவரே திரும்பத் திரும்பச் சொல்கிறார். தேவைதான் கண்டுபிடிப்பின் தாய் என்ற பழமொழியைக்கூட அவர் ஏற்கவில்லை. அந்த இடத்தில் சொகுசை வைக்கிறார். திறன்பேசியைப் பற்றி அந்நூலில் ஏதுமில்லை. அன்று அப்படியொரு பொருள் கடைக்கு வந்திருக்கவில்லை. ஆகவே என் மறுப்பு அவர் எழுதிய ஒரு வரிமேல் அல்ல, அவர் விட்டுச்சென்ற அளவுகோலின்மேல்.

அந்த அளவுகோல் நன்றாகப் பொருந்தும் காலம் ஒன்று உண்டு. அதற்குச் சான்று சிங்கப்பூரிலேயே இருக்கிறது. சிம் வோங் ஹூ நிறுவிய கிரியேட்டிவ் டெக்னாலஜி 2000-இல் வெளியிட்ட நோமட் ஜூக்பாக்ஸ் என்னும் இசை பிளேயர், மடிக்கணினிக்குரிய 2.5 அங்குல வன்தட்டைச் சுமந்தது. ஆகவே அது கையடக்க சிடி பிளேயர் அளவுக்கு இருந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் வந்த ஐபாட், தோஷிபாவின் 1.8 அங்குல வன்தட்டோடு சட்டைப் பையில் நுழைந்தது. இங்கே குறையும் உண்மை, தீர்வும் உண்மை. பாடல் பட்டியலைத் திரையில் அடுக்கும் முறைக்குக் கிரியேட்டிவ் வைத்திருந்த காப்புரிமைக்காக ஆப்பிள் 2006-இல் 10 கோடி அமெரிக்க டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது வேறு கதை; தடிமனில் தோற்றதற்கு அது ஈடாகவில்லை. 2004-இல் 13.9 மி.மீ. தடிமனோடு வந்த மோட்டோரோலா ரேசர் வி3-யையும் இதே கணக்கில் சேர்க்கலாம். அதற்கு முந்தைய மடக்குப் பேசிகள் இடுப்புப் பட்டையில் தொங்கிய காலம் பலருக்கு நினைவிருக்கும்.

சிக்கல் அதன் பிறகுதான். சாம்சுங்கின் எக்ஸ்820 என்ற பொத்தான் பேசி 2006-லேயே 6.9 மி.மீ.-ஐ எட்டிவிட்டது. 2007-இல் 11.6 மி.மீ.-ஆக இருந்த ஐபோன், 2014-இல் ஐபோன் 6 வடிவில் அதே 6.9-க்கு வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஓப்போ ஆர்5 4.85 மி.மீ.-க்கும், விவோ எக்ஸ்5 மேக்ஸ் 4.75 மி.மீ.-க்கும் இளைத்தன. ஓப்போ அதற்காக 3.5 மி.மீ. காதொலிக்கருவித் துளையைத் துறந்தது, விவோ வைத்துக்கொண்டது. இந்தியாவில் மைக்ரோமேக்ஸ் 2015-இல் விற்ற கேன்வாஸ் ஸ்லிவர் 5-இன் தடிமன் 5.1 மி.மீ., பேட்டரி 2,000 எம்ஏஎச். ஏழு மி.மீ. பேசியைப் பார்த்து 'இது தடிப்பாக இருக்கிறது' என்று முறையிட்டவர் யார்?

பெட்ரோஸ்கியின் பக்கம் நிற்பவர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்: குறை என்பது ஒப்பீட்டில் பிறப்பது, ஐந்து மி.மீ. பேசி கடைக்கு வந்த மறுகணமே ஏழு மி.மீ. பேசி குறையுள்ளதாகிவிடுகிறது. கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனால் இதை ஒப்புக்கொண்டால் கோட்பாடே கரைந்துபோகிறது. புதியது வந்ததாலேயே பழையதில் குறை இருந்தது என்று நிறுவிவிடலாம் என்றால், எந்த மாற்றத்தையும் அது விளக்கும், எதையும் மறுக்காது. முள்கரண்டிக்கு அவர் காட்டிய சான்று அப்படிப்பட்டதல்ல. இரண்டு பல் கரண்டியில் உணவு நழுவியது, பல் கூடியது. நழுவலைத் தனியே பார்க்க முடிந்தது. மெலிந்த பேசிக்கு அப்படித் தனியே காட்டக்கூடிய நழுவல் எது?

மறுபக்கமாகப் பார்த்தால் வாதம் இன்னும் வலுக்கிறது. 2014 முதல் உண்மையான முறையீடுகள் வந்தன: ஐபோன் 6 பிளஸ் பைக்குள் வளைந்தது, பேட்டரி மாலைவரை தாங்கவில்லை. அவற்றுக்குக் கிடைத்த தீர்வுகளில் ஒன்று தடிமனைக் கூட்டுவது. 2015-இன் 6எஸ் 7.1 மி.மீ., 2018-இன் எக்ஸ்ஆர் 8.3, 2025-இன் 17 புரோ 8.75. பெட்ரோஸ்கியின் அளவுகோலால் அளந்தால் தடிப்பதே முன்னேற்றம், மெலிவதே பின்னடைவு. இந்தத் திருப்பம் எந்த ஆண்டில் நிகழ்ந்தது என்று அறுதியிட முடியவில்லை. 6எஸ்-இன் கூடுதல் 0.2 மி.மீ. அழுத்தம் உணரும் திரைக்காக வந்ததா, வளைவுக்குப் பயந்து வந்ததா என்பதைப் பொறுத்து ஆண்டு மாறும். 2016-இல் மோட்டோ இசட் 5.19 மி.மீ.-க்கு இறங்கியதையும் கணக்கில் எடுத்தால் எல்லைக்கோடு இன்னும் மங்குகிறது. 2015-க்கும் 2018-க்கும் இடையில் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வளைவின் கணக்கு எளியது. ஒரே பொருளாலான தட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 8.25 மி.மீ.-ஐ 5.64 ஆக்கினால் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 2025 செப்டம்பரில் 5.64 மி.மீ. ஐபோன் ஏர் டைட்டேனியம் சட்டத்தோடு வந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அந்த 5.64 என்ற எண்ணும் முழு உண்மை அல்ல. கேமராவும் மின்பலகையும் குடியிருக்கும் மேல்மேட்டில் தடிமன் ஏறத்தாழ 11 மி.மீ. தடிமனை எந்த இடத்தில் அளப்பது என்பதை விற்பவரே முடிவுசெய்கிறார். இதைப் பற்றி வடிவமைப்பு வரலாற்றாளர்கள் இன்னும் கொஞ்சம் முகம் சுளித்திருக்கலாம்.

இனி இக்கட்டுரையின் மையச் சான்று. அது ஒரு பாடபேதம். ஒரே சுவடியின் இரு படிகளை ஒப்பிடுவதுபோல, ஐபோன் 17 புரோவின் சிங்கப்பூர்ப் பதிப்பையும் அமெரிக்கப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உயரம், அகலம், 8.75 மி.மீ. தடிமன், விற்கும் பெயர் எல்லாம் ஒன்றே. உள்ளே மட்டும் வேறுபாடு. அமெரிக்கப் பதிப்பில் சிம் தட்டு இல்லை, இ-சிம் மட்டுமே. பேட்டரி 4,252 எம்ஏஎச். சிங்கப்பூர்ப் பதிப்பில் நானோ சிம் தட்டு உண்டு, பேட்டரி 3,988. ஆப்பிள் தரும் காணொளி நேரமும் அதற்கேற்ப 33 மணியிலிருந்து 31 மணியாகக் குறைகிறது. 12.3 மி.மீ. நீளமும் 8.8 மி.மீ. அகலமும் 0.67 மி.மீ. கனமும் கொண்ட ஒரு சிறு அட்டைக்கும், அதைத் தாங்கும் தட்டுக்கும், படிக்கும் முனைக்கும் சேர்த்துச் சிங்கப்பூர் வாங்குநர் கொடுக்கும் விலை 264 எம்ஏஎச். அவருடைய பேட்டரியில் 6.6 விழுக்காடு. புரோ மேக்ஸிலும் ஏறக்குறைய இதே அளவு இழப்பு: 5,088-க்கு எதிராக 4,823.

குறை தீர்க்கும் கோட்பாட்டால் இந்தப் பேதத்தை விளக்க முடியாது. பேட்டரி போதவில்லை என்ற முறையீடு நியூயார்க்கிலும் சிங்கப்பூரின் தேக்காவிலும் ஒன்றே. தீர்வு கையில் இருந்தும் ஓர் ஊருக்குக் கொடுக்கப்பட்டது, மற்றோர் ஊருக்குக் கொடுக்கப்படவில்லை. சிங்கப்பூரில் இ-சிம் இல்லாமலும் இல்லை. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 மூன்றுமே தருகின்றன.

ஓர் எளிய விளக்கம் நாக்கின் நுனியில் நிற்கிறது: சிங்கப்பூரின் வெளிநாட்டு ஊழியர்களுக்காகத்தான் தட்டு விட்டுவைக்கப்பட்டது என்பது. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையிலும் சையது ஆல்வி சாலையிலும் நடந்தவருக்கு அது உடனே சரியாகப் படும். பேசி விற்கும் முகப்பிலேயே முன்கட்டண சிம்மும் விற்பார்கள். வேலை அனுமதி அட்டையைக் காட்டிப் பதிய வேண்டும். ஒருவருக்கு மூன்று முன்கட்டண சிம் என்ற வரம்பு 2014 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ளது. இரண்டாவது துளையில் ஊர் எண் இருக்கும். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். அது செத்தால் ஊரில் கணக்கே செத்ததுபோல. பிஎஸ்என்எல் தமிழ்நாட்டில் இ-சிம் தொடங்கியதே 2025-இல்தான்.

ஆனால் இந்த விளக்கம் வளைகுடாவில் உடைகிறது. தட்டில்லாப் பதிப்பு விற்கும் நாடுகளில் அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், குவைத், ஓமான், பஹ்ரைன் ஆறும் உண்டு. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வருபவரின் அண்ணனோ மச்சானோ அங்கேதான் வேலை செய்கிறார். ஊழியர் கூட்டம் தட்டைக் காப்பாற்றுகிறது என்றால் துபாயிலும் காப்பாற்றியிருக்க வேண்டும். ஆக, பேதத்தை உண்டாக்கியது பயன்படுத்துபவரின் குறையும் அல்ல, அவருடைய தேவையும் அல்ல. நாட்டுக்கு நாடு நிறுவனமும் தொலைத்தொடர்புச் சந்தையும் செய்துகொள்ளும் ஏற்பாடு என்று கொள்வதே பொருந்துகிறது. பெட்ரோஸ்கியின் நூலில் இந்த ஆள் போதுமான அளவு வருவதில்லை: பொருளைத் தொடாமலே அதன் வடிவத்தை முடிவுசெய்பவர்.

ஐபோன் ஏரில் இந்தப் பாடபேதமே இல்லை. எல்லா நாட்டிலும் ஒரே படி, எங்கும் தட்டு கிடையாது. சீனாவிலும் இ-சிம் ஒப்புதலுக்காகக் காத்திருந்து 2025 அக்டோபரில் அதுவே விற்பனைக்கு வந்தது. மெலிவு பதிப்புகளை ஒன்றாக்கிவிட்டது. விட்டுக்கொடுத்தவர் யார் என்பது சிம் தட்டைத் திறக்க ஊசி தேடுபவருக்குத் தெரியும்.

குறைக்கப்பட்ட தடிமன் எங்கே போகிறது? உடலை விட்டு வெளியேறி, வாங்குபவரின் பைக்குள் வேறு பெயரில் வந்து சேர்கிறது. 2016-இலேயே மோட்டோ இசட் முதுகில் ஒட்டும் பேட்டரியோடு விற்கப்பட்டது. ஐபோன் ஏரோடு ஆப்பிள் விற்கும் மேக்சேஃப் பேட்டரியைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் குழு, பேசிக்குள் இருக்கும் அதே 3,149 எம்ஏஎச் கலம்தான் அதற்குள்ளும் இருப்பதைக் கண்டது. ஒன்றை மற்றொன்றில் மாற்றிப் போடவும் முடிந்தது. இரண்டையும் ஒட்டினால் பழைய தடிமனைத் தாண்டிவிடும். ஒட்டுப் பேட்டரி வேண்டாதவருக்குப் பவர் பேங்க். அதற்கும் 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு கட்டுப்பாடு: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களுக்குள் பவர் பேங்கால் எதையும் மின்னூட்டக் கூடாது. திருச்சி வரை சுமார் நான்கு மணி நேரம் மெலிந்த பேசி தன் சொந்தக் கலத்தையே நம்பி இருக்க வேண்டும்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐபோனைப் பயன்படுத்தச் சொல்லும் சூழல் வெப்ப வரம்பு 0 முதல் 35 டிகிரி செல்சியஸ். 2023 மே 13 அன்று சிங்கப்பூரின் அங் மோ கியோவில் 37.0 டிகிரி பதிவானது. மெலிந்த உடலில் வெப்பத்தை உள்வாங்கும் பொருள் குறைவு. திறந்த வெளியில் நின்று வேலை செய்பவரின் பேசி சீக்கிரமே திரையொளியைத் தணித்துக்கொள்ளும்.

ஓர் இடத்தில் பெட்ரோஸ்கி முழு வெற்றி பெறுகிறார்: மடிக்கும் திறன்பேசி. 2019-இன் கேலக்ஸி ஃபோல்டு மடித்தபோது 15 மி.மீ.-க்கு மேல் இருந்தது. சட்டைப் பையே முறையிட்டிருக்கும். 2025 பிப்ரவரி 20 அன்று ஓப்போ தன் ஃபைண்ட் என்5-ஐ உலகச் சந்தைக்கு அறிமுகப்படுத்தியது சிங்கப்பூரில்தான். மடித்தால் 8.93 மி.மீ., விரித்தால் 4.21, சிலிக்கான்-கார்பன் பேட்டரியின் கொள்ளளவு 5,600 எம்ஏஎச். யூஎஸ்பி-சி வாயின் உயரமே ஏறத்தாழ 2.6 மி.மீ. என்பதால், இனி மெலிவைத் தடுக்கப்போவது பேட்டரியாக இல்லாமல் மின்னூட்டும் துளையாக இருக்கலாம்.

இதிலிருந்து ஒரு துணிவான ஊகத்தை வைக்கிறேன். கேலக்ஸி எஸ்25 எட்ஜ், ஐபோன் ஏர் போன்ற மடியாத மெலிந்த பேசிகள் எந்த முறையீட்டுக்கும் பதில் அல்ல. மடிக்கும் பேசிக்கான பயிற்சிப் பாடங்கள். 5.8 மி.மீ. தடிமனும் 3,900 எம்ஏஎச் பேட்டரியும் கொண்ட எட்ஜ் 2025 மே மாதம் வந்தது. விரித்தால் 4.2 மி.மீ. இருக்கும் ஃபோல்டு 7 அதே ஆண்டு ஜூலையில் வந்தது. கலத்தைக் குறைத்து, ஒரு கேமராவைக் கைவிட்டு, அதிக விலைக்கு விற்கும் பொருளுக்கு வேறு நியாயம் காண்பது கடினம். 2025 இறுதியில் எட்ஜ், ஏர் இரண்டின் விற்பனையும் மந்தம் என்று செய்திகள் வந்தன. பயிற்சிக்காகச் செய்த பொருள் என்றால் அந்த மந்தம் செய்தவரைப் பெரிதாகச் சுட்டிருக்காது. இதை நிறுவும் உள் ஆவணம் எதுவும் பொதுவெளியில் இல்லை. பெட்ரோஸ்கியின் ஆதரவாளர்மீது நான் வைத்த குற்றச்சாட்டை என்மீதே திருப்பலாம் என்பதால், என் ஊகத்தை எது உடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓப்போவே ஏற்கெனவே பாதி உடைத்துவிட்டது. அதன் 4.85 மி.மீ. ஆர்5-க்கும் 4.21 மி.மீ. என்5-க்கும் இடையே பத்தாண்டு இடைவெளி. இடையில் அப்படியொரு தொடர் பயிற்சி தெரியவில்லை. ஆகவே என் ஊகம் இப்போதைக்குச் சாம்சுங், ஆப்பிள் இரண்டோடு நிற்கிறது. 2025 செப்டம்பரில் டெக்னோ வெளியிட்ட போவா ஸ்லிம் இன்னொரு பக்கத்திலிருந்து இடிக்கிறது: 5.95 மி.மீ. உடலுக்குள் 5,160 எம்ஏஎச். ஏருடைய கொள்ளளவைவிட 2,000-க்கும் மேல் கூடுதல். மெலிய வேண்டுமானால் பேட்டரியைப் பலிகொடுக்க வேண்டும் என்று இக்கட்டுரை நெடுக எடுத்துக்கொண்ட கணக்கும் இதற்குப் பிறகு திருத்தப்பட வேண்டியதே.