கடலிழந்த கண்டியரசு

ஆபிரிக்காவின் தென்கிழக்கே மலாவி என்றொரு நாடு உண்டு. இலங்கையின் மலைநாட்டைப் போலவே அங்கும் தேயிலை விளைகின்றது. ஆயினும் அத்தேயிலை கப்பலேற வேண்டுமாயின் மொசாம்பிக்கைக் கடந்து பெய்ரா, நாக்காலா துறைமுகங்களை அடைதல் வேண்டும். 1980-களில் மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போரால் அந்தப் புகையிரதப் பாதைகள் துண்டிக்கப்பட்டபோது மலாவி பட்ட இன்னல் சிறிதன்று. இன்று நுவரெலியாவும் அட்டனும் அமைந்திருக்கும் மலைகளும் ஒருகாலத்தில் இத்தகைய நாடொன்றைச் சேர்ந்தனவே. கண்டியரசே அந்நாடு.

அவ்வரசு தொடக்கத்திலேயே கடலற்றதாய் இருக்கவில்லை. கீழ்க்கரைத் துறைகளில் அதற்கு ஆட்சி இருந்தது. 1638-ல் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கீசரை வெளியேற்றுதற்கு ஒல்லாந்தரைத் துணைக்கழைத்தான். போர்த்துக்கீசர் 1658-ல் போயினர். வந்தவரோ கோட்டைகளை மன்னனிடம் ஒப்படைத்தாரல்லர். அயலவன் மாறினான், அவ்வளவே.

மலைக்காரருக்கு அரிசி உண்டு. பாக்கும் கறுவாவும் யானையும் உண்டு. உப்பும் கருவாடும் துணியும் கரையிலிருந்தே வரவேண்டும். எல்லைக் கணவாய்களில் முள்வாயில் நிறுத்திக் காவலரை வைத்திருந்ததை, 1660 முதல் 1679 வரை அங்குச் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ் விரிவாக எழுதியுள்ளார். பாதைகள் வேண்டுமென்றே ஒடுக்கமாக விடப்பட்டன, காடு அரணாயிற்று. ஆனால் முள்வாயில் பகைவனைத் தடுக்கும்; உப்பைக் கொண்டுவந்து தராது. கரையைக் காத்தவன் வாணிகத்தை நிறுத்தியபோதெல்லாம் மலையின் அடுப்பங்கரைகளிலே அது தெரிந்தது.

சமயமும் அயலாரின் கப்பலை நாடவேண்டியிருந்தது. பிக்குகளின் உபசம்பதை மரபு அற்றுப்போன நிலையில், 1753-ல் உபாலி தேரரும் உடன் பிக்குகளும் சீயத்திலிருந்து வந்து அதனை மீட்டனர். அவர்களைக் கொணர்ந்தது ஒல்லாந்தர் கப்பல். மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி சிறீ இராசசிங்கனே அப்போது மன்னன்.

அம்மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் மூண்ட போரில், 1765-ல் தேசாதிபதி வான் எக் கண்டிநகரைப் பிடித்தும் வைத்திருக்க இயலாது திரும்பினார். வாளால் முடியாதது தாளால் முடிந்தது. 1766 பெப்ரவரி 14-ல் தேசாதிபதி பல்க் காலத்து உடன்படிக்கைப்படி, தீவைச் சுற்றிலும் ஏறத்தாழ ஒரு சிங்கள மைல் அகலமுள்ள கரைப்பட்டை ஒல்லாந்தருக்காயிற்று. உப்பளங்களில் உப்பெடுக்க மட்டும் கண்டியருக்கு இசைவு கிடைத்தது. பிற வல்லரசுகளோடு உடன்படிக்கை செய்யும் உரிமையும் போயிற்று. கண்டியின் வரலாற்றில் 1815-ஐயே பலரும் பெரிதாய்ப் பேசுவர். 1766-ன் இழப்பு அதனிற் குறைந்ததன்று.

மன்னர்கள் வேறோர் அயலவனைத் தேடாமலில்லை. 1762-ல் சென்னையிலிருந்து வந்த ஆங்கிலத் தூதர் பைபஸ் உறுதியேதும் தராமற் போனார். அந்நினைவால், 1782-ல் ஹியூ பொய்ட் வந்தபோது கண்டியர் இணங்கவில்லை. ஒல்லாந்தரை ஆங்கிலேயர் அகற்றியபின், 1796-ல் சென்னையில் வரைந்த உடன்படிக்கை கரையில் உப்புக்கும் மீனுக்கும் வழிவிட்டது. இராசாதி இராசசிங்கன் இன்னும் கூடுதலாக எதிர்பார்த்து அதனை உறுதிப்படுத்தவில்லை. அவ்வாய்ப்பு மீண்டும் வரவில்லை.

பின்னைய பூசல்களுக்கு எல்லை வணிகமே காரணமாகக் காட்டப்பட்டது. புத்தளத்து முஸ்லிம் வணிகரின் பாக்கைக் கண்டி அதிகாரிகள் பறித்தனர் என்பது 1803 போருக்குச் சொல்லப்பட்ட முகாந்தரம். கொழும்பையும் திருகோணமலையையும் இணைக்கும் வீதிக்குக் கண்டி இடங்கொடாததும் தேசாதிபதி நோர்த்தின் மனக்குறை. அவ்வாண்டு ஆங்கிலப்படை அழிந்தது. 1814-ல் எல்லை கடந்த வணிகர் அங்கங் குறைக்கப்பட்டமை மறுபடியும் காரணமாயிற்று. 1815 மார்ச் 2-ல் கண்டி உடன்படிக்கை எழுதப்பட்டது. சிறீ விக்கிரம இராசசிங்கன் கடல் கடந்து வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832-ல் அங்கே இறந்தான்.

ஆங்கிலேயர் மலையைத் திறக்க முற்பட்டனர். 1820-களில் கடுகண்ணாவை வழியே வீதி ஏறியது. புகையிரதம் 1867-ல் கண்டிக்கும் 1884-ல் அட்டனுக்கும் வந்தது. அதற்கு நெடுநாள் முன்பே கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை நடந்தனர். கண்டி மன்னர் அரணாக விட்டுவைத்த காடுகளும் அவ்வழியிலேயே கிடந்தன. நீரின்றியும் நோயுற்றும் அங்கு மாண்டவர் பலர்.