மெக்கர் காட்டும் ஒரு மெகாஓம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் மோட்டார் வைண்டிங் கடையில் போய் "இன்சுலேஷன் டெஸ்டர் இருக்கா?" என்று கேட்டால், கடைக்காரர் ஒரு நொடி யோசிப்பார். "மெக்கர்" என்றால் உடனே கை நீளும். எந்தக் கம்பெனி தயாரித்திருந்தாலும் அதற்கு மெக்கர் என்றுதான் பெயர். "மோட்டாரை மெக்கர் பண்ணியாச்சா?" என்று வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

உண்மையில் அது ஒரு வணிகப் பெயர். லண்டனின் எவர்ஷெட் அண்ட் விக்னோல்ஸ் நிறுவனம் 1903-ல் பதிவு செய்தது. கருவியின் வேர் இன்னும் பழையது. சிட்னி எவர்ஷெட் 1889-லேயே இதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். வீட்டுக்கு வீடு மின்சாரம் வரத் தொடங்கிய காலம் அது. ஒயரைச் சுற்றியிருந்தது பருத்தி நூலும் ரப்பரும். ஈரம் பட்டால் கசியும், கசிந்தால் தீப்பிடிக்கும்.

அவர் கருவியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், முள்ளுக்கு ஸ்பிரிங் கிடையாது என்பது. ஒரே அச்சில் கோணலாகப் பொருத்திய இரண்டு காயில்கள். ஒன்றில் வோல்டேஜுக்கு ஏற்ற கரண்ட், இன்னொன்றில் சோதிக்கும் பொருள் வழியாகப் போகும் கரண்ட். இரண்டின் விகிதம் எங்கேயோ, முள் அங்கே நிற்கும். கைப்பிடியை மெதுவாகச் சுற்றினாலும் வேகமாகச் சுற்றினாலும் அளவு மாறாது. பழைய மெக்கரைச் சும்மா வைத்திருக்கும்போது முள் கண்ட இடத்தில் மிதப்பதும் இதனால்தான். ரிப்பேர் இல்லை, அதன் சுபாவமே அப்படி.

ஆனால் இதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: வோல்டேஜ் மாறினாலும் எதிர்ப்பு மாறாது என்பது. உலோகக் கம்பிக்கு அது சரி. ஈரமான இன்சுலேஷனுக்குச் சரியில்லை என்று 1913-ல் காட்டியவரும் அதே எவர்ஷெட்தான்! இன்சுலேஷனின் நுண்துளைகளில் தங்கிய ஈரம், வோல்டேஜ் ஏற ஏறப் படலமாகப் பரவி நல்ல பாதை போட்டுக்கொள்கிறது, எதிர்ப்பு இறங்குகிறது. அதாவது, ஈரமான மோட்டாரைக் குறைந்த வோல்டேஜில் சோதித்தால் அது இருப்பதைவிட நல்ல மோட்டாராகத் தெரியும்.

கும்மிடிப்பூண்டிக்கு இது ஏட்டு விஷயம் இல்லை. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டினால் கடல். உப்புக்காற்று, அதோடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தீபாவளிக்கு நாலு நாள் நிறுத்திய பம்பு மோட்டாரின் வைண்டிங் ஈரத்தைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். மெக்கர் பார்க்காமல் ஸ்டார்ட்டரைப் போட்டால் காயில் எரியலாம். எர்த்தும் சரியில்லை என்றால் பாடியைத் தொட்டவருக்கு ஷாக்.

1956-ன் இந்திய மின்சார விதிகள் குறைந்த, நடுத்தர அழுத்த மின் அமைப்புகளுக்கு வைத்த கோடு: 500 வோல்ட் டி.சி., ஒரு நிமிடம், குறைந்தது 1 மெகாஓம். சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 61557-2, டெஸ்டர் குறித்த வோல்டேஜில் குறைந்தது 1 மில்லிஆம்பியர் தர வேண்டும் என்கிறது. 500 வோல்ட்டில் அது 500 கிலோஓம் சுமை. ஆகவே, நாம் சந்தேகப்படும் அந்த 1 மெகாஓம் பக்கத்திலும் நல்ல கருவி 500 வோல்ட்டை விடாமல் பிடித்திருக்கும். சோப்ளாங்கி டெஸ்டர் அங்கேதான் தளரும். திரையில் கணக்கு சரியாகவே வரும், ஆனால் அது 500 வோல்ட்டில் எடுத்த கணக்காக இருக்காது.

எனவே கையடக்க டெஸ்டர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் எத்தனை ஜிகாஓம் போட்டிருக்கிறது என்று பார்த்து மயங்காதீர்கள். 415 வோல்ட் மோட்டாருக்கு அது பெரிதாக வேலைக்கு ஆகாது. இதைச் செய்து பாருங்கள்: 100 கிலோஓம் ரெசிஸ்டர் ஐந்தை வரிசையாகப் பற்றவைத்து இன்சுலேட் பண்ணிய பெட்டிக்குள் வையுங்கள். இரு முனைகளிலும் டெஸ்டர். கூடவே 1000 வோல்ட் தாங்கும் மல்டிமீட்டர். 500 வோல்ட் பட்டனை அழுத்தினால் மல்டிமீட்டர் 500-க்குக் குறையக் கூடாது. ஒற்றை ரெசிஸ்டரில் முயல வேண்டாம், சாதாரண ரெசிஸ்டர் அவ்வளவு வோல்டேஜ் தாங்காது.

அடுத்து, ஒரு நிமிடம் தானாகவே ஓடும் வசதி. காய்ந்த வைண்டிங்கில் 30 நொடி அளவைவிட 60 நொடி அளவு நன்றாக ஏறும்; ஈரமானதில் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். சோதனை முடிந்ததும் தேங்கிய சார்ஜைத் தானே இறக்க வேண்டும், நீளமான கேபிளில் இது உயிர் விஷயம். மோட்டார் வி.எஃப்.டி. வழியாக ஓடுகிறதென்றால் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் மெக்கர். இல்லாவிட்டால் டிரைவின் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும்.

அளவைக் குறிக்கும்போது வைண்டிங்கின் சூட்டையும் பக்கத்தில் எழுதுங்கள். 10 டிகிரி ஏறினால் எதிர்ப்பு ஏறக்குறையப் பாதியாகும். காலை 6 மணிக்கு 4 மெகாஓம் காட்டிய மோட்டார், ஓடி நின்ற சூட்டில் 1-க்கு வந்தால் பதற வேண்டாம். குளிர்ந்த நிலையிலேயே 1 என்றால் கழற்றி ஓவனில் வையுங்கள்.