கதிர்வீச்சுப் பற்சிதைவு

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களின் பல் எனாமல் வேகமாகக் கரைந்தும் செதில் செதிலாகப் பெயர்ந்தும் போவது கதிர்வீச்சுப் பற்சிதைவு எனப்படும். பெரும்பாலும் சிகிச்சை முடிந்த ஓராண்டுக்குள் தலைகாட்டும். அதற்குள் நோயாளி ஊர் திரும்பியிருப்பார். கதிர்வீச்சைச் சுட்டி ‘கரண்ட் வச்சதுல பல்லெல்லாம் போச்சு’ என்று வீட்டார் சொல்லும்போது பல பற்கள் கைவிட்டுப் போயிருக்கும்.

உத்திரமேரூர் பக்கத்துக் காவாந்தண்டலம் போன்ற கிராமங்களுக்கு அருகிலுள்ள அரசுப் புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இருக்கிறது. காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா புற்றுநோயால் மறைந்த 1969ஆம் ஆண்டில் அவர் நினைவாகத் தொடங்கப்பட்டது அது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கம் விடாத நம் ஊர்களில் வாய்ப் புற்றுநோய் அதிகம். ஆகவே இந்தப் பல் பாதிப்பும் இங்கே அரிதான ஒன்றல்ல.

எனாமலில் ஏறக்குறைய 96 விழுக்காடு தாதுப்பொருள். உடலிலேயே கடினமான பொருள் என்றாலும், அதை உருவாக்கிய செல்கள் பல் முளைத்ததும் மறைந்துவிடுவதால் இழந்த எனாமல் மறுபடி வளராது. அதைக் காப்பது உமிழ்நீர். உண்டபின் வாயில் ஊறும் அமிலத்தைத் தணித்து, கரைந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் அதுவே பல்லுக்குத் திருப்பித் தருகிறது. வாயின் பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும்.

வாரம் ஐந்து நாள், ஆறேழு வாரம், மொத்தம் 60 முதல் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது இந்நோய்க்கு வழக்கமான கதிர்வீச்சு அளவு. பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குமே, காதடியில் உள்ள அந்த உமிழ்நீர்ச் சுரப்பி சராசரியாக 26 கிரேக்கு மேல் தாங்குவது கடினம். சுரப்பி நலிந்தால் எச்சில் குறைந்து நூல்போல் கெட்டியாகும். வாய் அமிலத்தன்மை அடையும். சொத்தைக் கிருமிகள் பெருகும். வாய்ப்புண்ணால் சோறு இறங்காத நோயாளிக்கு அக்கறையோடு கொடுக்கும் சர்க்கரைக் கஞ்சியும் குளுக்கோஸும் டீயில் நனைத்த ரஸ்க்கும் கழுவ எச்சிலின்றிப் பல்லிடுக்கில் தங்குகின்றன. எனாமலுக்கும் அதன் அடியிலுள்ள டென்டினுக்கும் இடையேயான பிணைப்பைக் கதிர்வீச்சு நேரடியாகவே தளர்த்துகிறது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர். பல்லின் மீது விழுந்த அளவு 60 கிரேயைத் தாண்டினால் சேதம் மிகக் கடுமையாக இருப்பதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். எச்சில் வறட்சியே முதல் காரணம் என்பதில் மாற்றுக் கருத்து அதிகமில்லை.

சாதாரணச் சொத்தை கடைவாய்ப் பல்லின் குழிகளில் தொடங்கும். இதுவோ ஈறோரமாகப் பல்லின் கழுத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு வெளுப்பில் ஒரு வளையமாகத் தோன்றும். பின்பு பழுப்பேறி, தொட்டால் மெத்தென்று இருக்கும். எளிதில் சொத்தை பிடிக்காத கீழ்முன் பற்களும் தப்புவதில்லை. வலி பெரிதாக இருக்காது. ஒருநாள் எதையோ கடிக்கும்போது பல் ஈறோடு ஒட்ட முறிந்து, வேர் மட்டும் தங்கும். பல் உருவாகும் வயதுக் குழந்தைகளுக்கோ எனாமல் குறைபட்டும் பல் சிறுத்தும் வேர் குட்டையாகவும் அமையக்கூடும்.

இவ்வளவும் பெருமளவு தடுக்கக்கூடியது என்பதுதான் வருத்தம். முதல் ‘கரண்டு’க்கு முன்பே பல் மருத்துவர் பார்க்க வேண்டும், தேறாத பற்களை இரண்டு வாரமாவது முன்னதாகப் பிடுங்கினால் புண் ஆற நேரம் கிடைக்கும். அதன்பின் தினமும் ஃபுளோரைடு ஜெல், ஃபுளோரைடு பற்பசை, உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் கொப்பளிப்பு, அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர். கரித்தூளும் செங்கல் தூளும் பல்லில் படவே கூடாது.

கதிர்வீச்சு பட்ட தாடையில் இரத்த ஓட்டம் குறைந்திருப்பதால், பின்னாளில் பல் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே அழுகக்கூடும். இந்த ஆபத்து ஆண்டுகள் பல கடந்தும் நீங்குவதில்லை. ஆகவே எந்த ஊரில் பல் பார்த்தாலும் கதிர்வீச்சு பெற்ற மருத்துவமனைச் சீட்டை முதலில் காட்டுங்கள்.