திராட்சை (சொல்)

திராட்சை என்பது கொடியில் காய்க்கும் ஒரு பழத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் வடமொழி வழிச் சொல்லாகும். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள இராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் இப்பழம் பெருமளவில் பயிரிடப்படுகிறது.

சொற்பிறப்பு

இதன் மூலம் சமஸ்கிருதத்தின் "த்ராக்ஷா" ஆகும். தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. எனவே இகரம் சேர்ந்து "திரா" என்றானது. "பக்ஷி" பட்சி ஆனது போல "க்ஷ" என்பது "ட்ச" எனத் திரிந்தது. ஈற்று ஆகாரம் ஐகாரமானது. பிராகிருதத்தில் இச்சொல் "தக்கா" என வழங்கியது. இந்தியின் "தாக்" அதன் வழிவந்தது. இன்று இந்தியில் பாரசீகச் சொல்லான "அங்கூர்" பெருவழக்காக உள்ளது. த்ராக்ஷா என்பதற்கு முந்தைய மூலம் குறித்து மொழியியலாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

முந்திரிகை

திராட்சைக்குத் தமிழில் முந்திரிகை, கொடிமுந்திரி ஆகிய பெயர்களும் உண்டு. முந்திரிகை என்பது சமஸ்கிருத "ம்ருத்வீகா", பாளி "முத்திகா" ஆகியவற்றோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. "ம்ருது" என்றால் மென்மை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், ம்ருத்வீகாவின் சாற்றை "மது" என்கிறது. அதன் ஒரு வகையை, இன்றைய ஆப்கானித்தானிலுள்ள காபிசி நாட்டின் பெயரால் "காபிசாயனம்" எனக் குறிப்பிடுகிறது.

பொருள் மாற்றம்

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பிரேசிலிலிருந்து ஒரு மரத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். தமிழகத்தில் அம்மரத்திற்கும் அதன் கொட்டைக்கும் முந்திரி என்ற பெயர் நிலைத்தது. பழத்தைப் பிரித்துக் காட்டக் கொடிமுந்திரி என்ற சொல் பயன்பட்டது. பின்னர் பொதுவழக்கில் திராட்சை என்பதே நிலைபெற்றது. இலங்கைத் தமிழில் முந்திரிகை பழத்தையே குறிக்கிறது. மரம் மரமுந்திரிகை எனப்படும். மலையாளத்திலும் முந்திரி என்பது திராட்சையே. முந்திரி மரம் அங்குப் பறங்கிமாவு என்றும் கசுமாவு என்றும் வழங்கும். ஆகவே கம்பத்தில் கொட்டையைக் குறிக்கும் சொல், மலையேறிக் குமுளியை அடைந்ததும் மலையாளிகளிடம் பழத்தைக் குறிக்கிறது.

முந்திரி என்பது 320இல் ஒரு பங்கைக் குறிக்கும் பழந்தமிழ்ப் பின்னத்தின் பெயரும் ஆகும்.

பன்னீர்த் திராட்சை

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் மஸ்கட் ஹாம்பர்க் வகை, பன்னீர்த் திராட்சை எனப்படுகிறது. பன்னீர் என்பது பனிநீர் என்பதன் திரிபு. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.