ஜூலின் துடுப்புச் சக்கரச் சோதனை

இயந்திர வேலை வெப்பமாக மாறும் அளவைக் கணக்கிட இங்கிலாந்தின் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் (1818–1889) நடத்திய சோதனை. வெப்பம் என்பது ‘கலோரிக்’ என்னும் கண்ணுக்குத் தெரியாத பாய்மம் என்று அதுவரை பலர் நம்பினர். 1798-இல் ரம்ஃபோர்டு என்னும் ஆய்வாளர், பீரங்கி துளைக்கும்போது உராய்வால் வெப்பம் ஓயாமல் எழுவதைக் கவனித்து அந்த நம்பிக்கையை மறுத்திருந்தாலும், எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்பதற்குத் துல்லியமான எண் கிடைக்கவில்லை.

ஜூலின் கருவி எளியது. கயிற்றில் தொங்கும் எடைகள் கீழிறங்கும்போது, நீர் நிரம்பிய செம்புக் கலத்துக்குள் துடுப்புச் சக்கரம் சுழலும். எடைகளின் நிலையாற்றல், நீரின் உராய்வால் வெப்பமாகும். எடைகளை 20 முறை இறக்கினாலும் நீரின் வெப்பநிலை ஏறியது சுமார் அரை பாரன்ஹீட் டிகிரிதான். அவ்வளவு சிறிய ஏற்றத்தைத் துல்லியமாக அளந்ததே அவருடைய உண்மையான சாதனை. மதுவடிப்பாலைக் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு வெப்பமானி பழகிய கருவிதான்.

1850-இல் அவர் வெளியிட்ட முடிவு: ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்க 772 அடி-பவுண்டு வேலை தேவை. இன்றைய கணக்கில் ஒரு கலோரி ஏறத்தாழ 4.186 ஜூல் (அவர் பெயரிலான ஆற்றல் அலகு); அலகு மாற்றிப் பார்த்தால், அவருடைய மதிப்பு இதிலிருந்து ஒரு சதவீதம்கூட விலகவில்லை. ஆற்றல் அழிவதில்லை, வடிவம் மட்டுமே மாறும் என்னும் வெப்ப இயக்கவியலின் முதல் விதிக்கு இந்தச் சோதனை அடித்தளமானது. ஆனால் சூடான நீர் தானே குளிர்ந்து எடையை மேலே தூக்குவதில்லை. அதற்கான விளக்கம் இரண்டாம் விதியில் உள்ளது.

பின்னாளில் ஜூல் திருத்திக் கண்ட 772.55 என்னும் எண், சேல் நகரிலுள்ள அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.