எஸ்தே கோட்டை: காவியமும் சிறையும்

வட இத்தாலியின் ஃபெரார்ரா நகர நடுவே, அகழி சூழ நான்கு கோபுரங்களுடன் நிற்கிறது எஸ்தே குடும்பத்தின் செங்கற் கோட்டை. கோட்டை என்றதும் அந்நியப் படையைத் தடுக்க எழுந்தது என்றே நாம் எண்ணுவோம். இதுவோ சொந்தக் குடிகளுக்கு அஞ்சிக் கட்டப்பட்டது. 1385இல் வரிச்சுமை தாளாத மக்கள் கிளர்ந்தெழுந்து, வரிகளுக்குப் பொறுப்பாயிருந்த தொம்மாசோ தா தொர்தோனாவைக் கொன்றனர். அதே ஆண்டில் இரண்டாம் நிக்கோலோ கோட்டைப் பணியைத் தொடங்கினார். பர்தொலினோ தா நொவாரா அதன் சிற்பி.

அச்சத்தில் பிறந்த அந்தச் சுவர்களின் நிழலில்தான் இத்தாலியக் காவியம் செழித்தது. பொயார்தோ, அரியோஸ்தோ, தாஸ்ஸோ மூவருமே எஸ்தே அவையை அண்டி வாழ்ந்தவர்கள். ஒரு குடும்பத்தின் ஆதரவில் இவ்வளவு கவிதை விளைந்தது வியப்புக்குரியதே. ஆயினும் அந்த ஆதரவின் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும்.

1505இல் கர்தினால் இப்போலித்தோ, ஒரு பெண்ணை முன்னிட்ட பொறாமையால், தம் தந்தைக்கு வேறொருத்தியிடம் பிறந்த ஜூலியோவின் கண்களைக் குத்தச் செய்தார். கோமகனான மூத்த சகோதரர் முதலாம் அல்ஃபோன்ஸோ தக்க தண்டனை வழங்கவில்லை. மனம் புழுங்கிய ஜூலியோ, மற்றொரு சகோதரர் ஃபெர்ரான்தேயுடன் சேர்ந்து 1506இல் சதி செய்தார். சதி வெளிப்பட்டது. மரண தண்டனை கடைசி நேரத்தில் சிறைவாசமாக மாற்றப்பட, இருவரும் கோட்டைக்குள்ளேயே அடைக்கப்பட்டனர்.

பத்தாண்டுகள் கழித்து, 1516இல், அதே நகரில் அச்சேறியது அரியோஸ்தோவின் 'ஒர்லாந்தோ ஃபுரியோஸோ'. அது காணிக்கையாக்கப்பட்டது யாருக்கு? அதே இப்போலித்தோவுக்கு. ஃபெர்ரான்தே 1540இல் சிறையிலேயே மாண்டார். ஜூலியோ வெளிவந்தது 1559இல், 53 ஆண்டுகளுக்குப் பின், எண்பது வயதைக் கடந்த முதியவராக.

தாஸ்ஸோவின் கதையும் வேறன்று. மனம் கலங்கிய அவரை இரண்டாம் அல்ஃபோன்ஸோ 1579 முதல் 1586 வரை சாந்தான்னா மருத்துவமனையில் அடைத்து வைத்தார். அந்தக் கோமகனைப் போற்றித் தொடங்கும் 'விடுவிக்கப்பட்ட ஜெருசலேம்' 1581இல் வெளியானபோது, கவிஞர் பூட்டிய அறைக்குள் இருந்தார்.

வாரிசின்றி அல்ஃபோன்ஸோ 1597இல் மறைய, மறு ஆண்டே ஃபெரார்ரா போப்பாண்டவர் வசமாயிற்று. குடும்பம் மோதெனாவுக்குப் பெயர்ந்தது. எஸ்தேயர் திரட்டிய நூல்களில் பல இன்றும் அந்நகரில் அவர்கள் பெயரால் அமைந்த நூலகத்தில் உள்ளன. பொர்சோ தேஸ்தேயின் ஓவியங்கள் நிறைந்த விவிலியம் அவற்றுள் தலையாயது. ஃபெரார்ரா 1995இல் உலக மரபுச் சின்னமாயிற்று.

காவியத்தின் முதல் பக்கத்தில் புரவலரின் பெயர் இருக்கிறது. இருட்டறையில் கிடந்தவர்களின் பெயர் இல்லை. இந்தக் குடும்பத்தின் மரபுச் செல்வத்தைப் போற்றும் நாம் இரண்டையும் சேர்த்தே படித்தாக வேண்டும்.