நாஞ்சில் நாட்டு வீடு

நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில், நாகர்கோவிலைச் சுற்றிய ஊர்களில் வேளாளர்கள் கட்டிய பழைய வீடுகள் இரு நாட்டுச் சாயல் கொண்டவை. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசையும் திண்ணையும் தமிழ்நாட்டுத் தெருவுக்குரியவை. சரிந்த ஓட்டுக்கூரையும் மரவேலையும் மலையாளக் கரையின் கைவண்ணம். 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண் அல்லவா!

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் என்பதால் கூரைக்குச் சரிவு தேவைப்பட்டது. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையின் வழி பரவிய ஓடு இங்கும் வந்து சேர்ந்தது.

திண்ணையைத் தாண்டினால் பட்டாசாலை எனும் கூடம், வெளிச்சம் இறங்கும் முற்றம், பிறகு அரங்கு. காற்றோட்டம் குறைந்த இந்த இருட்டறைதான் வீட்டின் கருவூலம். பண்டபாத்திரம், நகை, பத்திரம் எல்லாம் அங்கே. நெல்லுக்குப் பலகையால் செய்த பத்தாயம். அடுக்களையும் கிணறும் பின்கட்டில். வயலை நம்பி வாழ்ந்தவர்களின் வீடு என்பது இந்த அமைப்பிலேயே தெரியும்.

இவ்வீடுகளைக் கலைத்தது மழையைவிடச் சட்டம்தான் எனலாம். சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழி முறையின் அவலத்தைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' நூலில் எள்ளலாகப் பாடினார். 1926இல் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கூட்டுச்சொத்தைப் பாகம் பிரிக்க வழிவிட்டது.

பின்னாளில் வேறு பணத்தில் எழுந்த வீடும் உண்டு. நாகர்கோவில் ஒழுகினசேரியில் நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1941இல் கட்டிய மதுர பவனம், மனைவி டி.ஏ.மதுரத்தின் பெயர் தாங்கியது. அதை எழுப்பியது நெல் அல்ல, சினிமாக் காசு.